தங்கவயல் தொழிலாளர்கள் காத்த ‘தமிழன்’: மறக்கப்பட்ட எழுத்தை ஊர் மக்களே மீட்பது எப்படி?

கோலார் தங்கவயல் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருபவை 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ திரைப்படங்களும் 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படமும்தான். அதே ஊரின் சாம்பியன் ரீஃப் பகுதியிலிருந்து 1926-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ‘தமிழன்’ என்னும் இதழ் வெளிவந்தது என்பதையும், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களே அதன் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தனர் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே.

அவ்விதழ் தங்கவயலில் மறுபிறப்பு எடுத்து 2026-ஆம் ஆண்டுடன் நூறாண்டுகள் நிறைவடைகின்றன. அதில் எழுதியவர்கள் யார், அத்தாள்கள் எங்கே போயின, அவற்றை மீட்பதில் சாதாரண மக்களின் பங்கு என்ன ஆகிய கேள்விகளுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை. இதற்கு நல்லதொரு முன்னுதாரணம் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் உள்ளது.

லிவர்பூலில் என்ன நடந்தது?

ஜார்ஜ் காரெட் 1896-ஆம் ஆண்டு பிறந்தவர். நீராவிக் கப்பல்களின் அடித்தளத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் தொழிலாளியாக வேலை செய்தவர். வேலையற்றோர் போராட்டங்களில் முன்னணியில் நின்றவர். 1930-களில் லண்டனின் இலக்கிய இதழ்களில் இவரது சிறுகதைகள் வெளிவந்தன. கடலோடி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியைத் தழுவி, ‘மாட் லோ’ என்ற புனைபெயரிலும் எழுதினார். ஜோசப் கான்ராடின் புகழ்பெற்ற கடல் நாவல் ஒன்றை, கப்பலில் வேலை செய்பவனின் பார்வையிலிருந்து விமர்சித்து 1936-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையும் எழுதியுள்ளார். கப்பல் வாழ்வைப் பற்றி எழுதியோர் பலர் இருந்தனர். கொதிகலன் அறையிலிருந்து எழுதியோர் அரிதாகவே இருந்தனர்.

அதே 1936-ஆம் ஆண்டில் லிவர்பூலுக்கு வந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், காரெட்டைச் சந்தித்தார். தன்வரலாறு எழுதுமாறு அவரை வற்புறுத்தியதையும், இரண்டு அறைகளில் மனைவி மக்களுடன் அரசு உதவித்தொகையில் வாழும் ஒருவரால் நீண்ட நூலொன்றில் அமர்ந்து ஈடுபட இயலவில்லை என்பதையும் ஆர்வெல் தமது நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். 1966-ஆம் ஆண்டு காரெட் மறைந்தபோது அவர் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது.

அவரை மீட்டவர்கள் பேராசிரியர்கள் மட்டும் அல்லர். 2010-களில் ‘ரைட்டிங் ஆன் த வால்’ என்னும் லிவர்பூல் எழுத்து அமைப்பு, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து காரெட் ஆவணத் திட்டத்தை மேற்கொண்டது. நகரவாசிகள் தன்னார்வலர்களாக முன்வந்து பயிற்சிப் பட்டறைகளில் கூடி, அவர் விட்டுச்சென்ற தாள்களைப் படித்து வகைப்படுத்தினர். அவர் எழுதி அச்சேறாமல் கிடந்த தன்வரலாறு, ‘டென் இயர்ஸ் ஆன் த பாரிஷ்’ என்னும் பெயரில் 2017-ஆம் ஆண்டு லிவர்பூல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. அதாவது, அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அந்நூல் வாசகரை அடைந்தது.

இந்தியாவிலும் இத்தகைய கடலோடி எழுத்தாளர் ஒருவர் உண்டு. ராவல்பிண்டி மாவட்டத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் தொழிலாளியாகச் சேர்ந்து உலகைச் சுற்றிய அமீர் ஹைதர் கான், 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து தொழிலாளர்களையும் இளைஞர்களையும் இடதுசாரி இயக்கத்தில் திரட்டினார். பிற்காலத் தலைவர் பி. சுந்தரய்யாவை அவ்வியக்கத்திற்குக் கொண்டுவந்தவர் அவரே. அவரது நினைவுக் குறிப்புகளும் பல்லாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1980-களின் இறுதியில்தான் ‘செயின்ஸ் டு லூஸ்’ என்னும் நூலாயின. தொழிலாளியின் எழுத்து பல நேரங்களில் அச்சேறுவதில்லை. அச்சேறினாலும் நூலகத்தை அடைவதில்லை. தங்கவயலின் வரலாறும் இதையே காட்டுகிறது.

தங்கவயலுக்கு வந்தவர்கள் யார்?

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் 1880-களில் இங்கு நவீன சுரங்கப் பணியைத் தொடங்கியது. சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை அதன் முதன்மைச் சுரங்கங்கள். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. மேலாளர்களும் பொறியாளர்களும் கடல் கடந்து வந்தனர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த சுரங்க வல்லுநர்கள் அவர்களுள் பலர்.

நிலத்தடியில் இறங்கி வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த இவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். சொந்த ஊரில் நிலமும் இல்லை. தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையும் இல்லை. சுரங்கத்தின் வெப்பமும் பாறை வெடிப்பும் நுரையீரல் நோயும் உயிரைக் குடிப்பவை என்று அறிந்தும் அவர்கள் வந்தனர். மாதந்தோறும் கையில் காசாகக் கிடைத்த கூலி அவர்களுக்கு ஒரு விடுதலையைத் தந்தது. பண்ணையாரின் களத்துமேட்டில் நின்று நெல்லுக்குக் காத்திருக்கும் நிலை இங்கு இல்லை.

அந்தக் கூலியில் ஒரு பங்கு கோயிலுக்கும் கூத்துக்கும் சென்றதைப் போலவே, மற்றொரு பங்கு அச்சிட்ட தாளுக்கும் சென்றது. ‘தமிழன்’ வேரூன்றியது இந்த மண்ணில்தான்.

‘தமிழன்’ என்ன செய்தது?

சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர் 1845-ஆம் ஆண்டு பிறந்தவர். 1898-ஆம் ஆண்டு பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் புதன்கிழமை ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயராகக் கொண்டிருந்த அவ்விதழ், ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் மறையும் வரை அவரே அதன் ஆசிரியராக இருந்தார்.

அரசியல், சமூக வரலாறு, இலக்கிய ஆராய்ச்சி, மருத்துவம் என அனைத்தும் அதில் இடம்பெற்றன. வாசகர் கேள்விகளுக்கு அயோத்திதாசர் விடையளித்தார். சாதி என்பது இடையில் புகுத்தப்பட்டது, தாழ்த்தப்பட்டோர் எனப்படுவோர் முற்காலப் பௌத்தர்கள் என்னும் கருத்தை அவர் இலக்கியச் சான்றுகளுடன் வாரந்தோறும் முன்வைத்தார். அக்கருத்தின் வரலாற்று அடிப்படை குறித்து ஆய்வாளர்களிடையே விவாதங்கள் உண்டு. எனினும், ஊராரின் ஏச்சையே தன் பெயராகக் கேட்டு வளர்ந்த ஒரு தொழிலாளிக்கு, தனக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்ன முதல் அச்சுத் தாளாக அது இருந்திருக்கும்.

இவ்விதழின் வாசகர்கள் சென்னையில் மட்டும் இருக்கவில்லை. பர்மாவின் ரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறிச் சென்ற இடங்களுக்கும் அது சென்றது. உள்நாட்டில் அதன் வலுவான தளமாக விளங்கியது கோலார் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. அவற்றின் கூட்டங்களில் இதழ் உரக்கப் படிக்கப்படுவதும் விவாதிக்கப்படுவதும் வழக்கம். எழுத்தறியாதவருக்கும் அவ்வாறே இதழ் சென்று சேர்ந்தது. ஒருவர் படிக்கப் பலர் கேட்ட இக்கூட்டங்களையே தங்கவயலின் முதல் வாசிப்புப் பட்டறைகள் எனலாம்.

தங்கவயலில் மறுபிறப்பு

அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் அவரது மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்திய இதழ், பின்னர் நின்றது. 1926-ஆம் ஆண்டில் அதற்கு மீண்டும் உயிரூட்டியவர் ஜி. அப்பாதுரையார். ‘புத்தர் அருளறம்’ நூலின் ஆசிரியரான இவர், சாம்பியன் ரீஃபிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை ‘தமிழன்’ இதழை நடத்தினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் வளர்ந்துவந்த காலம் அது. பௌத்தமும் பகுத்தறிவும் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒருங்கே விவாதிக்கப்பட்டன.

சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை, அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. பெரும் பதிப்பகங்கள் எவையும் தொடாத எழுத்துகளை, சுரங்க நகரம் ஒன்றின் சிறு புத்தகசாலை தலைமுறை தாண்டிக் கொண்டுசேர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தமும் இக்காலத்தில், 1930-ஆம் ஆண்டில் நடந்ததே. வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர், 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹாண்ட்ஸ்’ நூலில் இத்தொழிலாளர்களின் வாழ்வையும் அரசியலையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். நிறுவனத்தின் கோப்புகளில் தொழிலாளி பெரும்பாலும் ஓர் எண்ணாகவோ, விபத்துக் குறிப்பாகவோ, ஒழுங்கு நடவடிக்கையாகவோதான் வருகிறார். அவர் எதைச் சிந்தித்தார், எதற்காகக் கோபம் கொண்டார் என்பதை அறிய, அவ்வூரிலேயே அச்சான தாள்களே மிக நெருக்கமான சான்று.

மறதி ஏன்?

ஆவணக் காப்பகங்களும் பெரும் நூலகங்களும் எல்லா இதழ்களையும் சம அக்கறையுடன் சேர்க்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் நடத்திய சிற்றிதழ்கள் அவற்றுள் முதலில் விடுபட்டன. தங்கவயல் மொழியால் தமிழகத்தோடும் நிர்வாகத்தால் மைசூரோடும் இணைந்திருந்த ஊர். மாநில எல்லைகள் மொழிவாரியாக வகுக்கப்பட்ட பின், தமிழக வரலாற்றில் அது எல்லைக்கு அப்பால் போனது. கர்நாடக வரலாற்றில் அதன் தமிழ் எழுத்து அயலாகவே இருந்தது. இவ்வாறு இரு வீட்டாரும் தன் பிள்ளை என்று உரிமை கொண்டாடாத மரபாயிற்று அது.

இருந்தும் அது அழியாமல் இருந்ததற்குத் தனிமனிதர்களே காரணம். திருப்பத்தூரைச் சேர்ந்த தி.பெ. கமலநாதன், ஒடுக்கப்பட்டோரின் தொடக்ககாலப் போராட்டங்களை நினைவூட்டி 1985-ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். அன்பு பொன்னோவியம் பழைய ‘தமிழன்’ இதழ்களைப் பல்லாண்டுகள் பாதுகாத்து வந்தார். அவ்விதழ்களிலிருந்து ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரு தொகுதிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003-ஆம் ஆண்டில் வந்தது.

அதன் விளைவுகள் விரைவாகத் தெரிந்தன. 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு அயோத்திதாசருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை கிண்டியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜெ. பாலசுப்பிரமணியத்தின் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்னும் நூல், 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களின் நீண்ட வரிசையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இன்னும் மீளாதவர்கள்

ஆசிரியர் மீண்டார். ஆனால், அவருக்குக் கடிதம் எழுதியவர்கள், சந்தா திரட்டியவர்கள், கூட்டங்களில் உரையாற்றியவர்கள், பாடல் கட்டியவர்கள் ஆகியோர் இன்னும் மீளவில்லை. காரெட்டால் நீண்ட நூலில் அமர முடியாததற்கு ஆர்வெல் சொன்ன காரணம் தங்கவயலுக்கும் பொருந்தும். சுரங்கத்தில் உழைத்துத் திரும்பி, நெருக்கமான குடியிருப்பில் குடும்பத்துடன் வாழ்ந்தவர்களால் பெருநூல் எழுத முடியாது. அவர்கள் எழுதக்கூடியவை கடிதம், துண்டறிக்கை, பாடல், கூட்டக் குறிப்பு ஆகியவைதான். நூலை மட்டுமே எழுத்து எனக் கொண்டால் தொழிலாளர் இலக்கியம் என்ற ஒன்றே இல்லை என்றாகிவிடும்.

இவற்றைத் தேடுவதற்கான காலமும் குறுகி வருகிறது. 1956-ஆம் ஆண்டில் மாநில அரசின் வசமும், 1962-ஆம் ஆண்டில் மத்திய அரசின் வசமும் வந்த சுரங்கங்கள், 1972-ஆம் ஆண்டு முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின்கீழ் இயங்கின. சுமார் 800 டன் தங்கத்தைத் தந்து, ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்ற சுரங்கங்கள், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளுடன் மூடப்பட்டன. அதன் பின் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வேலை தேடிச் சிதறின. பலர் நாள்தோறும் விடியலில் ரயிலேறி பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்றனர். வீடு மாறும்போதும், கூரை ஒழுகும்போதும், பெரியவர் ஒருவர் மறையும்போதும் முதலில் குப்பைக்குச் செல்பவை பழைய தாள்களே.

சுரங்கக் கழிவு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 1,000 ஏக்கரில் பரவிய 13 மேடுகள் இதில் அடங்கும். கழிவு என்று கொட்டப்பட்டதிலும் மதிப்பு உண்டு என்பது இவ்வாறு ஏற்கப்பட்டுள்ளது. அதே அக்கறை அவ்வூரின் தாள்களுக்கும் தேவைப்படுகிறது.

பட்டறை என்றால் என்ன செய்வது?

லிவர்பூல் முறையைத் தங்கவயலுக்குப் பொருத்திப் பார்த்தால், அதற்குப் பெருஞ்செலவோ பெரிய கட்டடமோ தேவையில்லை. ஒரு நூலக அறையோ, பௌத்த சங்கக் கூடமோ, பள்ளி வகுப்பறையோ போதும்.

முதற்பணி தேடுதல். பழைய இதழ்கள் மட்டுமின்றி, சந்தா ரசீது, சங்க உறுப்பினர் அட்டை, திருமண அழைப்பிதழ், நினைவஞ்சலித் துண்டறிக்கை, தொழிற்சங்க நோட்டீஸ் என எதையும் விலக்காமல் கேட்க வேண்டும். தாளை வாங்கிக்கொண்டு போவது நோக்கமாக இருத்தல் கூடாது. உரிமையாளர் முன்னிலையிலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே திருப்பித் தந்தால் நம்பிக்கை வளரும்.

இரண்டாவது பணி பாதுகாத்தல். மலிவான செய்தித்தாளில் உள்ள அமிலம், காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் தாளை மீட்க முடியாதவாறு கெடுத்துவிடும். மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் பாதுகாப்பதே முறை. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் நீண்ட அனுபவம் பெற்றவை.

மூன்றாவது பணி படித்தல். இங்குதான் தலைமுறைகள் ஒன்றுசேர முடியும். தமிழக அரசு 1978-ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான தாள்களில் ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். பாலி, வடமொழிச் சொற்களும் மிகுதி. கன்னட, ஆங்கில வழியில் படித்த இளையோருக்கு அவற்றைப் படிப்பது கடினம். பெரியவர்களுக்கோ எழுத்து தெரியும்; தட்டச்சு செய்யவும் இணையத்தில் ஏற்றவும் இளையோரின் துணை தேவை. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் தட்டச்சு செய்யும் இம்முறை, நூறாண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டங்களில் இருந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

நான்காவது பணி பெயர்களை அடையாளம் காணுதல். கடிதத்தின் அடியில் உள்ள ஒரு பெயரும் ஊர்க் குறிப்பும் ஆய்வாளருக்கு வெறும் எழுத்துகள். அதே பெயர், அவ்வூர் மூதாட்டி ஒருவருக்குத் தன் பாட்டனாருடையதாக இருக்கலாம். எந்த நூலகமும் தர முடியாத தகவல் இது. குறிப்பாகப் பெண்களின் எழுத்தும் பங்களிப்பும் குடும்ப நினைவில் மட்டுமே எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.

கேட்ட அனைத்தையும் அப்படியே வரலாறாகக் கொள்ளவும் இயலாது. நினைவு ஆண்டுகளைக் குழப்பும். பெருமை சிலவற்றைக் கூட்டும். எனவே வாய்மொழியை அச்சுத் தாளோடும், அச்சுத் தாளை அரசு ஆவணத்தோடும் ஒப்பிட்டுப் பதிவதற்கு, பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் உடனிருக்க வேண்டும். லிவர்பூலில் எழுத்து அமைப்பும் பல்கலைக்கழகமும் கைகோத்தது இதனால்தான். தங்கவயலுக்கு அருகிலேயே பெங்களூரின் பல்கலைக்கழகங்களும், சில மணி நேரப் பயணத்தில் வேலூர், சென்னைக் கல்லூரிகளும் உள்ளன.

தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த கடைசித் தலைமுறையினர் முதுமையை எட்டி வருகின்றனர். ‘தமிழன்’ படிக்கப்படக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இவர்கள். எந்தக் கடிதம் யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அத்தாள்களைத் தேடி எடுக்க, இந்த நூற்றாண்டு ஒரு நல்வாய்ப்பைத் தருகிறது.